மஞ்சள் விளக்குக்குப் பேயோட்டிய ஐயாவு சாமி

மலேசியாவின் கலும்பாங்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேய்கள் வரிசையில் நிற்கும். சில காரில் வரும். சில லோரியில் வரும். எல்லாப் பேய்க்கும் ஒரே முகவரி: ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டரில் எரியும் மஞ்சள் விளக்கு.

அந்த விளக்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் படம் போட்டிருக்கும். அது எஞ்சின் இல்லை, தலையில்லாத முண்டம் என்று கண்டுபிடித்தவர் ஐயாவு சாமி. அதுவரை இரவுச் சந்தையில் கைபேசி உறை விற்றவருக்கு ஞானம் திடீரென்று வந்தது. ஞானம் அப்படித்தான் வரும்.

முறை எளிது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு துளையில் நீலத்துணி சுற்றிய தாயத்துப் பெட்டி. பிறகு சாமி கைபேசியைப் பார்த்து மந்திரம் படிப்பார். விளக்கு அணையும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நூற்றைம்பத்தொரு வெள்ளி தட்டில் விழும்.

பள்ளி வேன் ஓட்டும் திலகத்தின் வண்டிக்கும் முண்டம் பிடித்தது. மேடேறினால் வேன் உதறியது. பெட்ரோல் வாடை அடித்தது. தரை சுடுகிறது என்று பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாமி இரண்டு முறை விரட்டினார். இரண்டு முறையும் திங்கட்கிழமையே முண்டம் திரும்பி வந்தது.

"பொல்லாத கண்ணேறும்மா. மூணாவது தடவைதான் அடங்கும்," என்றார் சாமி.

மூன்றாவது ஞாயிறு திலகத்தோடு நித்தியாவும் வந்தாள். பக்கத்து ஊர் புக்கிட் பெருந்துங்கில் கார் பட்டறையில் வேலை செய்பவள். அவள் மகள் அந்த வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள்.

ஓடும் எஞ்சினுக்கு முன்னால் சாமி கைபேசியை எடுத்தார்.

"சாமி, போனைக் கொஞ்சம் திலகம் அக்காகிட்ட குடுத்துட்டு மந்திரம் சொல்லுங்களேன்," என்றாள் நித்தியா.

"மந்திரம் அதுலதாம்மா இருக்கு."

"வாராவாரம் அம்பது வண்டிக்குச் சொல்றீங்க. இன்னும் மனப்பாடம் ஆகலையா?"

வரிசையில் நின்ற லோரிக்கார சேது சிரித்துவிட்டார். "குடுத்துட்டுச் சொல்லுங்க லா, சாமி! நாங்களும் கேக்குறோம்."

வேறு வழியில்லை. சாமி கொடுத்தார்; கண்ணை மூடி ஓதினார். முண்டத்துக்கு அன்று காது கேட்கவில்லை போலும். விளக்கு அப்படியே எரிந்தது.

நித்தியா தாயத்தைப் பிடுங்கித் துணியைப் பிரித்தாள். உள்ளே வண்டியின் கணினியோடு பேசும் சின்னக் கருவி. அந்த இடத்தில் தன் பட்டறைக் கருவியைச் செருகினாள். தன் கைபேசியைப் பார்த்துப் பக்தியோடு ஓதினாள்:

"வெங்காயம் ரெண்டு கிலோ. நெத்திலி கால் கிலோ. தேங்காய் ஒண்ணு."

திரையைத் தொட்டாள். விளக்கு அணைந்தது. பழக்கதோஷத்தில் சேது கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"போயிடுச்சா?" என்றாள் திலகம்.

"பேயே வரலக்கா. எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்ப பொறி தட்டணும்னு எஞ்சினைப் பாத்துக்கிறதே கம்ப்யூட்டர்தான். மூணாவது சிலிண்டர்ல பெட்ரோல் எரியலன்னு அது எழுதி வெச்சு விளக்கைப் போடுது. அந்த எழுத்தைத்தான் இவரு போனைத் தட்டி அழிக்கிறாரு. கோளாறு அப்படியே இருக்கு."

ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சினை உறுமவிட்டாள். வேன் உதறியது. சற்று நேரத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டு திரும்பி வந்தது.

"மிச்சப் பெட்ரோல் புகைக்குழாயில போய் எரியுதுக்கா. அதுக்கு மேலதான் பிள்ளைங்க உக்காருதுங்க."

திலகம் வேனுக்குள் ஏறித் தரையில் கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். இறங்கி வந்தாள்; கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

"பதினோரு பிள்ளைங்க, சாமி," என்றாள்.

சாமி தம் செருப்பைத் தேடினார்.

பொறி தரும் மின்சுருள்களில் ஒன்று செத்திருந்தது. நித்தியா அங்கேயே புதியது மாட்டினாள்; கூலி வாங்கவில்லை. அந்த ஊரில் அன்று நடந்த பூசை என்று நான் நினைப்பது அதைத்தான்.

நானும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற ஆள்தான். இறைவனைக் கும்பிடுவோம். விளக்கு ஏன் எரிகிறது என்றும் கேட்போம். கேட்டதற்காக இறைவன் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்கிறவர் எவரோ, அவர் முன்னால்தான் தட்டு இருக்கிறது.