ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சம்பந்தம்

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று. வெறுமனே ‘ஐயா’ என்று எழுதினால் நானே முன்வந்து சம்பந்தத்தை முறித்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று என் மனைவி சொல்கிறாள். ஆகவே தாங்கள் வேறு மாதிரி தெரிவிக்கும் வரைக்கும் தாங்கள் எனக்குச் சம்பந்திதான்.

தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்குச் சுகம். மற்றபடி மகள் என்னோடு பேசுவதில்லை, மனைவி அதற்கும் சேர்த்துப் பேசுகிறாள். போனில் கூப்பிடாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், என் போனை மகள் பறிமுதல் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கேட்ட ரயில் ஊதல் சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

அன்றைக்கு நடந்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம். ஆனால் வெறும் மன்னிப்பு மட்டும் கேட்டால் ‘இந்த மனுஷனுக்குப் புத்தி கித்தி பிசகிவிட்டதோ’ என்ற சந்தேகம் தங்களுக்கு அப்படியே நிற்கும். காரணத்தையும் சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும். (“தீராது, உறுதியாயிடும்” என்கிறாள் மனைவி, தோளுக்குப் பின்னாலிருந்து. இந்தக் கடிதம் அவள் மேற்பார்வையில் எழுதப்படுகிறது.)

நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். என் வேலை பல் பிடுங்குவது இல்லை, பொறுமையைப் பிடுங்குவது. கன்னம் வீங்கி வருகிறவரிடம் “உட்காருங்க, கூப்பிடுவாங்க” என்பேன். அவர் உட்காருவார், வீக்கமும் உட்காரும். எழுந்து வந்து “எப்ப சார் கூப்பிடுவாங்க?” என்பார். எனக்கு எங்கே தெரியும்? டாக்டருக்கே தெரியாது. வாயைத் திறக்க முடியாதவர்கள்கூட என்னைத் திட்டுவதற்கு மட்டும் திறந்துவிடுவார்கள். இப்படி ஊரையே காக்கவைத்துக் காக்கவைத்து எனக்குக் காத்திருப்பு என்ற சொல்லே ஆகாமல் போய்விட்டது.

ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல், மளிகைச் சாமான் அடுக்கை மாற்றி வைத்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, பாவம், என் மகள்தான் கணினியில் ஒரு ரயில் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். தண்டவாளம் போடலாம், நிலையம் கட்டலாம், வண்டி ஓட்டலாம். முதலில் குழந்தை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அப்புறம் அதற்குள் நிலையான இடைவெளி அட்டவணை என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன், சம்பந்தி! அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். விஷயம் இதுதான். அரை மணிக்கு ஒரு வண்டி. காலையானாலும் சாயங்காலமானாலும் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வரும், அதே நிமிடத்தில் போகும். பயணி யாரையும் கேட்க வேண்டாம், எந்தப் பலகையையும் பார்க்க வேண்டாம். நிலையத்துக்கு வந்தால் வண்டி உண்டு. “எப்ப சார் வரும்?” என்று கேட்க ஓர் ஆள் இல்லாத உலகம்! நான் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்த மேசைக்கே அங்கே வேலை இல்லை.

உடனே ஒரு பாதை போட்டேன். இந்த முனை நிலையத்துக்கு மனைவியின் செல்லப் பெயர், அந்த முனைக்கு மகளின் செல்லப் பெயர், நடுக்காட்டில் ஆள் ஏறாத ஆள் இறங்காத சின்ன நிலையத்துக்கு என் பழைய பெரிய டாக்டர் பெயர். கையில் காசு குறைவு (விளையாட்டுக் காசுதான்) என்பதால் ஒற்றைத் தண்டவாளம். அங்கேதான் சனி பிடித்தது. போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒரே தண்டவாளத்தில் எப்படி விலகும்? எங்கேயாவது ஒரு நிலையத்தில் ஒதுங்க ஒரு பக்கவழி வேண்டும், ஒன்று அங்கே ஒதுங்கி நின்று மற்றதுக்கு வழிவிட வேண்டும். ஆனால் என் ரயிலில் யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது என்பது என் கொள்கை. சிக்னல் போடவும் எனக்கு அரைகுறையாகத்தான் வரும். கடைசியில் இரண்டு வண்டியும் சரியான நேரத்துக்குக் கிளம்பி, சரியான நேரத்துக்குக் காட்டு நடுவில் சந்தித்து, பேச்சுவார்த்தை முறிந்த மச்சான்கள் மாதிரி மூக்கோடு மூக்கு பார்த்துக்கொண்டு நின்றுவிடும். பின்னால் வருகிற வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். நான் வாரக்கணக்காக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தாங்கள் பெண் பார்த்துப் பேச வருவதாகச் செய்தி வந்தது.

மகளும் மாப்பிள்ளையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், எல்லாம் முக்கால்வாசி முடிந்த கதை. பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மகள் முன்கூட்டியே எச்சரித்தாள். “அப்பா, அவங்க அம்மா ஸ்கூல்ல பாட அட்டவணை போடுற டீச்சர். ரொம்பக் கண்டிப்பு. சிரிக்கவே மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு எதையும் ஆரம்பிச்சிடாதீங்க” என்றாள். நான் எதையும் ஆரம்பிக்கவில்லை. விருந்தினர் யாரும் எதற்கும் காத்திருக்கக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன்.

அதன் விளைவைத் தாங்கள் அனுபவித்தீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தேநீர். கப் காலியானாலும் ஆகாவிட்டாலும் அடுத்தது கிளம்பிவிடும். “முதல் கப்பையே இன்னும் குடிக்கலையே” என்று தாங்கள் சொன்னபோது, “பரவாயில்ல, அதுவும் இருக்கட்டும்” என்றேன். நினைவிருக்கும். ஒவ்வொரு கிளம்பலுக்கும் அடையாளமாக என் போனில் ஊதல் வைத்திருந்தேன். நான் மறந்து போன ஒரே விஷயம், எங்கள் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நடை ஒற்றைத் தண்டவாளம் என்பது. நிறைந்த கப்புகளோடு மகள் வர, காலிக் கப்புகளோடு மனைவி போக, நடையின் நடுவில் இருவரும் தட்டோடு தட்டு முட்டி நின்றார்கள்.

“நீ பின்னாடி போ.”

“நீங்க போங்கம்மா, என்கிட்ட சூடா இருக்கு.”

“எனக்குப் பின்னாடி கண்ணு இருக்கா?”

கை கழுவலாம் என்று தாங்கள் அந்த நேரம் பார்த்து எழுந்து வந்தீர்கள். மூன்றாவது வண்டி! தங்கள் வெள்ளைச் சட்டையில் மூன்று கப் தேநீர் கவிழ்ந்ததற்கு நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். மாற்றுச் சட்டையாக நான் கொடுத்தது, ஓய்வு பெறும் அன்று மருத்துவமனையில் பரிசாகக் கொடுத்தது. அதன் நெஞ்சில் ஒரு பெரிய பல் சிரித்துக்கொண்டிருக்கும் என்பதை அவசரத்தில் கவனிக்கவில்லை. கண்ணாடிக் கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்கிற தாங்கள், அந்தச் சிரிக்கும் பல்லோடு நிமிர்ந்து உட்கார்ந்து பேசியதை என் மனைவி இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள். என் மகள் மட்டும் முகத்தை மூடிக்கொள்கிறாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சம்பந்தியம்மா விஷயத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம்” என்றார். கூவென்று ஊதியது. அந்தச் சுற்றுத் தேநீர் வந்து முடிந்ததும், “நம்ம பிள்ளைங்க விஷயமா...” என்றார். மறுபடியும் கூ. மூன்றாம் தடவை அவர் வாயைத் திறக்கும் முன் என் போனை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், பத்தாம் வகுப்பில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதற்கும் அது ஊதியது. “எனக்குத் தலை வலிக்குது. கொஞ்சம் படுக்கணும்” என்று எழுந்தார். என் மனைவி அவரைப் பக்கத்து அறையில் கொண்டுபோய் விட்டாள். அது கணினி இருக்கிற அறை. விருந்தினர் வரும்போது அதை அணைத்துவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அணைக்கவில்லை. நெரிசல் தானாகக் கலைந்துவிடாதா என்ற நப்பாசைதான்.

உள்ளே போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை. நாம் நால்வரும் மாப்பிள்ளையோடு சேர்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. “கிளம்பலாம்” என்ற ஒரே சொல். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் திரும்பி, “நீங்க யாரையுமே காக்க வைக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை. “ஒருத்தரையும் மாட்டேங்க!” என்றேன். ஒரு பெருமூச்சு விட்டார், போய்விட்டார். கதவைச் சாத்தியதும் என் மகள் உடைந்து அழுதாள், சம்பந்தி. “அப்பா, அது கல்யாணப் பேச்சுப்பா. உங்க ரயில் இல்ல” என்றாள். அவள் பல் முளைத்தபோதுகூட அப்படி அழுதவள் இல்லை.

நேற்று மாப்பிள்ளை ஆய்வுக்கூடத்தில் அவளிடம் சொன்னாராம். “அம்மா வந்ததுல இருந்து யாரோடவும் பேசல. ஒரு பெரிய தாள விரிச்சு வெச்சு குறுக்கும் நெடுக்குமா கோடு கோடா போட்டுட்டே இருக்காங்க.” மனைவி வழியாக அது என் காதுக்கு வந்ததும் எனக்குப் பகீரென்றது. அழைப்பிதழ் கொடுக்க எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக அடிக்கிறார் என்று அதற்குப் பொருள், வேறென்ன? தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். குற்றம் முழுக்க என்னுடையது. என் மகள் எதற்கும் அவசரப்படாதவள், அந்த விஷயத்தில் அவள் அம்மாவைக் கொண்டிருக்கிறாள். கிறுக்கன் மகளைக் கட்டக் கூடாது என்று எந்த நூலிலும் எழுதியிருக்காது. அன்றைக்கே மனைவி கணினியின் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டாள், போன உயிருக்குப் போர்த்துவது போல. இந்தக் கடிதத்தை முடித்த கையோடு போர்வையை விலக்கி, அந்த விளையாட்டையே அடியோடு அழித்துவிடப் போகிறேன். இனி எந்த ரயிலும் எனக்கு வேண்டாம். இதற்கு என் மனைவி சாட்சி.

சம்பந்தியம்மாவுக்கு என் தாழ்மையான வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. தங்கள் வெள்ளைச் சட்டையை மூன்று முறை துவைத்தும் கறை போகவில்லை, அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

என்றும் தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்,
பெண்ணின் அப்பா

பின்குறிப்பு: சம்பந்தி! மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். இப்போதுதான் போர்வையை விலக்கினேன். கணினி அணையவே இல்லை, இத்தனை நாளும் போர்வைக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அழிக்கும் முன் கடைசியாக ஒரு தடவை முகம் பார்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், நெரிசலைக் காணோம்! அரை மணிக்கு ஒரு வண்டி, அதே நிமிடம், அதே நிமிடம், சொக்கத் தங்கம்! நடுக்காட்டுச் சின்ன நிலையத்தில் யாரோ ஒரு பக்கவழி போட்டிருக்கிறார்கள். போகிற வண்டி அங்கே ஒதுங்கி, வருகிற வண்டி தாண்டும் வரைக்கும் காத்திருக்கிறது. நாலே நிமிடம்! இந்த நாலு நிமிடத்தைக் கொடுக்க மாட்டேன் என்றுதானே நான் வாரக்கணக்காக முரண்டு பிடித்தேன்!

இந்த வீட்டில் சிக்னல் போடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் இருந்தவர் ஒரே ஒருவர்தான். கண் சிவந்தது எதனால் என்று இப்போது புரிகிறது. அந்தக் கோடுகளும் புரிகின்றன. துறைமுகத்துக்கு என்று நான் தொடங்கிப் பாதியில் விட்ட கிளைப் பாதை ஒன்று இன்னும் சரியாகவில்லை, அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

ஆனால் ஒரு புகார் உண்டு. என் பெரிய டாக்டரின் பெயர்ப் பலகையை என்னைக் கேட்காமல் கழற்றிவிட்டார். அந்த இடத்தில் இப்போது ‘சம்பந்தி சந்திப்பு’ என்று எழுதியிருக்கிறது. நான் போட்ட கூச்சலில் ஓடி வந்த மகள் அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். “அப்பா, இந்தாங்க உங்க போன்” என்றாள், மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. போன் கைக்கு வந்தும் கடிதத்தையே அனுப்புகிறேன், ஊதலை எடுத்தால்தான் அதைத் தொடலாம் என்கிறாள் என் மனைவி.

மூவரும் மறுபடி வாருங்கள். பல் சட்டையைத் திருப்பித் தர வேண்டாம், அது தங்களுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது. எத்தனை மணிக்கு என்று நான் கேட்க மாட்டேன். சம்பந்தியம்மாவுக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது வரட்டும். நாங்கள் காத்திருக்கிறோம்.