சிவப்புச் சுவிச்சும் ஓவசியரின் கடைசி யாத்திரையும்

கோபமாக இருக்கும்போது எழுதக்கூடாது, ஆறவிட்டு எழுத வேண்டும் என்பார்கள். நானும் இருபத்தைந்து வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டேன். ஆறுகிற பாடாக இல்லை. ஆகவே சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

கோபம் யார் மேல் என்று கேட்டால் வரிசை நீளம். கொழும்பில் எனக்குக் கிராபிக்ஸ் கார்ட் விற்ற கடைக்காரன் மேல். கொம்பியூட்டர் பெட்டியின் முதுகில், சின்னப் பிள்ளைகூட நகத்தால் தள்ளிவிடக்கூடிய இடத்தில், ஒரு சிவப்புச் சுவிச்சைப் பொருத்திவைத்த எஞ்சினியர் மேல் (எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் நாசமாய்ப் போக). எங்கள் குறுகிய ஒழுங்கையின் முனையில் நெல் குற்றிய மில் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபத்தாறு வயதில், புத்தகம் வாசிக்கத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எதையும் கழற்றிப் பூட்டலாம் என்று நம்பித் திரிந்த ஒரு விசரன் மேல். அவன் இப்போது என் பெயரில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறான்.

இரண்டாயிரமாம் ஆண்டு, வவுனியா. சுவிசில் இருந்த பெரியண்ணா தங்கச்சி வதனிக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். டவுனில் ஒரு கொம்பியூட்டர் நிலையத்தில் அவள் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு புரொஜெக்ட் செய்து கொடுக்க வேண்டும். நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது திருப்பித் தருவார் என்று பார்க்கிற ஒரு புரோகிராம். நன்றாகச் செய்கிற ஒருவரை அங்கேயே உதவி ஆசிரியராக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இராணுவப் பாஸ் எடுக்காமல், சென்றிக் காவலரண் தாண்டாமல், வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய ஒரு வேலை. அந்த நாளில் எங்கள் ஊரில் அப்படி ஒரு வேலை எவ்வளவு அபூர்வம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வதனி நான்கு மாதம் அந்தத் திரைக்கு முன்னால் தவம் இருந்தாள்.

அவள் எழும்புகிற நேரமெல்லாம் நான் இருந்தேன். தவம் அல்ல, கார் ரேஸ்.

அந்தக் கார், வளைவுகளில் திரும்பும்போது மாட்டுவண்டி போல விட்டுவிட்டு அசையும். எதிரே வருகிற மரம் முதலில் பச்சைப் பெட்டியாக வந்து, என்னை இடித்த பிறகுதான் மரமாக மாறும். அவமானம். வேலை விண்ணப்பம் ஒன்றுக்காக மூன்று நாள் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போனவன், விண்ணப்பத்தை அரை மணித்தியாலத்தில் கொடுத்துவிட்டு மீதி இரண்டரை நாளையும் கொம்பியூட்டர் கடைகளில் கழித்தேன். ராம் கூட்டுவதா, சவுண்ட் கார்ட் வாங்குவதா, கிராபிக்ஸ் கார்ட் வாங்குவதா? கல்யாணப் பெண்ணைத் தெரிவுசெய்தபோதுகூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை (மனைவி இதை வாசிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்). கடைசியில் ராமும் கிராபிக்ஸ் கார்ட்டும் எடுத்தேன். கார்ட்டின் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு விசிறி வேறு.

“இதைப் போட்டா பறக்கும் அண்ணன்,” என்றான் கடைக்காரன். எது பறக்கும் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“வதனி, உன்ர புரொஜெக்ட் இனி நாலு மடங்கு ஸ்பீட்டா ஓடும்,” என்று சொல்லித்தான் பெட்டியைத் திறந்தேன்.

“அது இப்பவே ஓடுது. நீ ஒண்டும் புடுங்காத.”

“உனக்கு இதெல்லாம் விளங்காது.”

டிப்ளோமா படிக்கிறவளிடம், படிக்காதவன் சொன்ன வசனம் இது. அதை எழுதும்போது இப்போதும் என் காது சுடுகிறது.

கார்ட் போட்ட பிறகு மரம் மரமாகவே வந்தது. வானம் நீலமாக இருந்தது. மூன்றாவது வளைவில் எல்லாம் அணைந்து, கொம்பியூட்டர் தானாக முதலில் இருந்து தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மூன்றாவது வளைவு. சூடு என்று முடிவுகட்டி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியைக் கிட்டவைத்தேன். இரண்டாவது வளைவிலேயே அணைந்தது. ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். பலனில்லை. நடுவில் வதனியின் நாற்பது நிமிட வேலை ஒருமுறை காற்றோடு போனது. அவள் என்னுடைய சாப்பாட்டுக் கோப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பிறகுதான் கவனித்தேன். மத்தியானம் பன்னிரண்டரையில் இருந்து ஒன்றரை வரை கார் எல்லா வளைவும் ஓடியது. அது மில்காரருக்குச் சாப்பாட்டு நேரம். எங்கள் ஒழுங்கையில் மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. மில் ஓடினால் விசிறி சுற்றுவதை எண்ணலாம், மின்குமிழ் நெருப்புக்குச்சி போல எரியும். மில் நின்றால் விசிறி பறக்கும், குமிழ் கண்ணைக் குத்தும். பக்கத்து வீட்டில் ஒரு மீற்றரை இரவல் வாங்கிப் பார்த்தேன். மில் ஓடும்போது வோல்ற்றேஜ் நூற்று முப்பத்தைந்து. இருநூற்று முப்பது வரவேண்டிய இடத்தில்.

வீட்டில் ஒரு ஸ்ரபிலைசர் இருந்தது. அது குளிர்சாதனப் பெட்டிக்கு. அதைக் கேட்டபோது அம்மா, “கொம்பியூட்டரில மீன் பழுதாகாமல் வைக்கலாமோ?” என்று கேட்டார். அதோடு ஸ்ரபிலைசர் ஆசையைக் கைவிட்டேன்.

அப்போதுதான் அந்தச் சிவப்புச் சுவிச்சைக் கண்டேன். வீட்டுக்கு வருகிற வோல்ற்றேஜுக்கு ஏற்பத் தள்ளிவைக்கிற சுவிச்சு அது: ஒரு பக்கம் தள்ளினால் 230. மறுபக்கம் தள்ளினால் 115. நூற்று முப்பத்தைந்து எதற்குக் கிட்ட? நான் கணக்கில் கெட்டிக்காரன். தள்ளினேன்.

ஓடியது! மூன்றாவது வளைவு, ஏழாவது வளைவு, முடிவுக் கோடு, கைதட்டல். அது வெடித்திருந்தால்கூட அன்றே புத்தி வந்திருக்கும். பாவி, வேலைசெய்தது. மில் தொடங்கிய பிறகு 115, பன்னிரண்டே காலுக்குத் திரும்ப 230 என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். யாருக்கும் சொல்லவில்லை. கொம்பியூட்டர் நடுவில் அணையாததைக் கண்டு வதனி, “அண்ணா, நீ உண்மையிலேயே என்னவோ செய்திருக்கிறாய்,” என்றாள். நான் தோளைக் குலுக்கி அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கே என்னை அடித்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் சனிக்கிழமை. புரொஜெக்ட் கொடுக்கக் கடைசி நாள். ஒரு மணிக்கு நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். பதினொன்றரைக்கு வதனி வேலையை முடித்தாள். பிளொப்பியில் பிரதி எடுத்துக்கொண்டு போவதுதான் பாக்கி. அதே நேரம் ஒழுங்கையில் பறைச் சத்தம் கேட்டது. எங்கள் அயலில் இருந்த, றோட்டு வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர் முதல்நாள் காலமாகியிருந்தார். சவம் எங்கள் வாசலால்தான் சுடலைக்குப் போகும். அம்மாவும் வதனியும் வாசல் படலைக்குப் போனார்கள்.

“வந்து கொப்பி பண்ணிக்கொண்டு போறன். நீ ஒண்டையும் தொடாத,” என்றாள் வதனி.

ஒரே ஒரு ரேஸ். சவம் கடக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். நான் மரியாதை தெரியாதவன் அல்ல. இறந்தவருக்காக ஸ்பீக்கரின் சத்தத்தை முழுவதும் குறைத்தேன்.

மரியாதை தெரிந்தவர் இன்னொருவரும் இருந்தார். மில் முதலாளி. தன் வாசலால் சவம் போகும்போது மெசினை நிறுத்துவது அவருடைய வழக்கம். சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு முதல்நாள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன், மறுநாள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மில்லின் இரைச்சல் நின்றது. தலைக்கு மேல் விசிறி வேகம் எடுத்தது. நல்ல காற்று என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

டமார்.

பெட்டியின் முதுகால் நெருப்பு சீறியது. வெள்ளைப் புகை, கருகிய மீன் நாற்றம். பின்னால் இன்னொரு டமார், முதலாவதில் பங்கெடுக்காத பாகம் அது.

அந்தக் காலத்தில் வவுனியாவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் யோசிப்பதில்லை, படுப்போம். நான் மேசைக்கடியில் படுத்தேன். வெளியே பறை சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்து யன்னலால் எட்டிப் பார்த்தேன். செத்தவீட்டுச் சனம் முழுக்க ஒழுங்கையில் குப்புறக் கிடந்தது. வெள்ளை வேட்டிகள் வாய்க்காலுக்குள். சவப்பெட்டியைத் தோளில் காவி வந்த நால்வர் அதை வலு பக்குவமாக இறக்கிவைத்துவிட்டு, அதைச் சுற்றித் தாங்களும் படுத்திருந்தார்கள். பெட்டி இருந்தது எங்கள் படலைக்கு நேரே.

“ஐயோ, சவத்தை எங்கட வாசலில இறக்கிப் போட்டாங்களே!” அம்மாவின் குரல். நடுவழியில் சவத்தை இறக்கிய வாசலுக்கு அடுத்த சாவு என்பது அவரது கணக்கு. படுத்தபடியே ஒப்பாரி தொடங்கினார். அது யாருக்கான ஒப்பாரி என்று எனக்கு அப்போதே விளங்கியது.

சந்திச் சென்றியில் இருந்து மூன்று ஆமிக்காரர் துவக்கை நீட்டியபடி ஓடிவந்தார்கள். “சத்தம் எங்க?” என்று ஒருவன் கத்தினான். எங்கள் சனம் எந்த விடயத்திலும் ஒற்றுமைப்படாது என்று குறை சொல்வார்கள். அன்று கிடந்தபடியே முப்பது கை எழும்பி, முப்பதும் எங்கள் வீட்டைக் காட்டின.

கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேசைக்கடியில் எப்போது பற்றிக்கொண்டேனோ, வலது கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது பிறகுதான் தெரியும். இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு உள்ளே போனவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த சிங்களம் முழுக்க அந்த நேரம் ஊரைவிட்டு ஓடிவிட்டது. வாய்க்காலுக்குள் இருந்து சேற்றோடு எழும்பிய ஒருவர்தான் எனக்காகப் பேசினார். அவர் ஓவசியரின் மருமகன், சிவநாதன் அண்ணை, அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கர். ஆமிக்காரனுக்குச் சிங்களத்தில் பணிவாக ஒரு வசனம், திரும்பி எனக்குத் தமிழில் ஒரு வசனம் என்று மாறி மாறிப் போனது.

“என்னடா வெடிச்சது?”

“கொம்பியூட்டர் அண்ணை.”

“கொம்பியூட்டரில என்ன செய்தனீ?”

“கார் ரேஸ் அண்ணை.”

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

“உன்ர கார் ரேசுக்கு என்ர மாமாவை நடுறோட்டில கிடத்திப் போட்டியேடா, விசரா! நாப்பது வருசம் றோட்டுப் போட்ட மனுசனடா அவர்!”

என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு ஆமிக்காரன் வீட்டுக்குள் வந்தான். என் வயதுதான் இருக்கும். மேசையைப் பார்த்தான், புகைகிற பெட்டியை மணந்து பார்த்தான், திறந்த பக்கத்தால் குனிந்து பார்த்தான். விசிறி வைத்த கார்ட்டைக் கண்டதும் முகம் மாறியது.

“மெமறி எத்தனை எம்பி?” என்று உடைந்த தமிழில் கேட்டான்.

“பதினாறு.”

தலையை ஆட்டினான், பாராட்டுத்தான். பிறகு பின்பக்கம் போனான். சிவப்புச் சுவிச்சைக் கண்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “மோடயா,” என்றான். முட்டாள் என்கிற அந்தச் சிங்களச் சொல்லுக்கு மட்டும் சிவநாதன் அண்ணையின் உதவி தேவைப்படவில்லை. கைதுசெய்ய வந்தவனுக்குக்கூட என்னைவிட விடயம் தெரிந்திருந்தது என்பதில்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

வதனி வாசலில் நின்றாள்.

“கொப்பி எடுத்தனியா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“பழைய கொப்பி ஒண்டு பிளொப்பியில இருந்தது.”

நான் நிலத்தைப் பார்த்தேன். அந்தப் பிளொப்பிகளை அழித்து, சிநேகிதன் ஒருவனிடம் இருந்து அவற்றில் ரேஸ் கார்களுக்குப் புது நிறங்கள் கொண்டுவந்திருந்தேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். என் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைப் பறித்தாள். நான்கு ஆணி. ஹார்ட் டிஸ்க் வெளியே வந்தது. அதைத் துவாயில் சுற்றிச் சைக்கிள் கூடைக்குள் வைத்தாள். கையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “இது செத்திருந்தா, நீ எனக்கு அண்ணன் இல்லை.”

வெளியே ஊர்வலம் மறுபடியும் புறப்பட்டிருந்தது. ஒழுங்கை சின்னன். சவத்தை முந்திப் போகக்கூடாது. எங்கள் பெண்கள் சவத்துக்குப் பின்னால் போவதும் இல்லை, படலையோடு நின்றுவிடுவார்கள். வதனி போனாள். சேறு பூசிய முப்பது ஆண்களுக்குப் பின்னால், பறைக்கு அடியெடுத்து வைப்பவள் போலச் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அரை மைல். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் அந்தத் துணிவு வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். சுடலைக்குத் திரும்புகிற இடம் வந்ததும் ஏறி மிதித்தாளாம்.

நிலையத்தில் பூட்டைக் கையில் எடுத்திருந்தார்களாம். ஹார்ட் டிஸ்க்கைத் தன் கையாலேயே வேறு கொம்பியூட்டரில் பொருத்திப் பூட்டினாள். உயிரோடு இருந்தது. ஒழுங்கைச் சேறு பட்ட பாவாடையோடு ஒருத்தி ஹார்ட் டிஸ்க் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பொறுப்பாளர், புரொஜெக்டைத் திறந்து பார்க்க முதலே தீர்மானித்துவிட்டதாக ஒரு கதை உண்டு. இரண்டு கிழமையில் வதனி அங்கே ரீச்சர். “அப்ப எல்லாம் நன்மைக்குத்தானே?” என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, கேட்டுப் பார்த்தேன். அதற்கு அவள் தந்த பதிலை அச்சில் போட முடியாது.

சிவநாதன் அண்ணை அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஓவசியரின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வடையை நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் சொந்தக்காரர் கூடுகிற இடமெல்லாம் யாராவது இதைத் தொடங்குவார்கள். ஓவசியர் எழும்பிப் படுத்தார் என்றுகூட ஒருவர் சேர்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் திருத்துவதில்லை.

போன வருடம் சிவநாதன் அண்ணையும் காலமானார். மில் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. எங்கள் ஒழுங்கையில் வோல்ற்றேஜ் இப்போது இருநூற்று முப்பதில் அசையாமல் நிற்கிறது. சவம் எடுக்கிற அன்று, எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு, வெள்ளை வேட்டியோடு படலையில் போய் நின்றேன். பறைச் சத்தம் கேட்டது. கிட்ட வந்தது. பிறகு தூரப் போனது. பெரிய வீதியால் முக்கால் மைல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

பின்னேரம் துக்கம் விசாரிக்கப் போனபோது எங்கள் ஒழுங்கையை விட்டுச் சுற்றிப் போன காரணத்தை அவருடைய மகளிடம் கேட்டேன். பிள்ளை அழுது வீங்கிய கண்ணோடு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னது:

“குறை நினையாதேங்கோ மாமா. அப்பா கடைசியாச் சொன்னது அது ஒண்டுதான்.”