கரூரில் பெய்த மழை

"வேண்டாம்னு சொல்றதுக்கு உருப்படியா ஒரு காரணம் சொல்லுங்க பத்மநாபன்," என்றார் தமிழ்ச் சங்கத் தலைவர் நசுருதீன், ஜூம் திரையின் நடுக் கட்டத்திலிருந்து.

பத்மநாபன் காரணம் தேடினார். நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் ஒரு மருந்துக் கம்பெனியின் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கும் அந்த மனிதருக்குத் தேவைப்படும்போது ஒரு பொய் கிடைக்காது. தேவையில்லாதபோது மட்டும் அருவியாகக் கொட்டும். இந்த வினையே அப்படிக் கொட்டியதால் வந்ததுதான்.

சங்கத்தில் ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் 'ஆண்டு அலசல்' நடக்கும். முன்பு ஒரு வருஷம் சினிமாவை அலசினார்கள். இரண்டு நடிகர்களின் ரசிகர்கள், அதிலும் ஒருவர் பேரன் எடுத்தவர், பார்க்கிங் லாட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் அரசியலை அலசினார்கள். சாம்பார் அண்டா கவிழ்ந்தது. இன்றுவரை இரண்டு குடும்பங்கள் ஒரே கார்பூலில் போய்க்கொண்டே பேசாமல் இருக்கின்றன. ஆகவே இந்த முறை எந்தத் தமிழனுக்கும் அபிப்பிராயமே இல்லாத விஷயமாக ஒன்று வேண்டும் என்று கமிட்டி முடிவு கட்டியது. அப்படியும் ஒன்று இருக்குமா என்று தேடித் தேடி, கடைசியில் சர்வதேசத் தடகளத்தைக் கண்டுபிடித்தார்கள்.

"நியாயமாப் பாத்தா நீங்கதான் அண்ணே பேசணும்," என்றான் பொருளாளர் ரஞ்சித்குமார். தலைவர் தேர்தலில் நசுருதீனிடம் இரண்டு முறை தோற்றவன். "இந்தியாவுக்கே ஓடின ஆள் நீங்க."

அதை மறுப்பதற்கு நியூ ஜெர்சியில் ஆள் கிடையாது. நசுருதீனிடம் ஒரு நீலக் கோட்டு இருக்கிறது. நெஞ்சில் தங்க நூலில் 'இந்தியா' என்று எழுதியிருக்கும். பொங்கல், ரம்ஜான், சங்கப் பிக்னிக் எதுவானாலும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார். அந்தக் கோட்டுக்காகத்தான் மூன்று முறை தலைவரானார். எந்த ஊரில், எந்த வருஷம் ஓடினீர்கள் என்று யாராவது கேட்டால் விட்டத்தைப் பார்த்து, "அது ஒரு காலம்," என்பார். பெரிய மனிதர்கள் அப்படித்தான்.

"நானே மேடையேறி ஓட்டத்தைப் பத்திப் பேசினா தற்பெருமை ஆயிடும்பா," என்றார் நசுருதீன். "நம்ம பத்மநாபன் ஸ்டேட் லெவல் ரன்னராமே! சாரதா சொல்லிச்சுன்னு என் வீட்டுக்காரி ஷம்சாத் சொன்னா."

பத்மநாபன் திரையில் கேமராவை அணைக்கும் பட்டனைத் தேடினார்.

சாரதா அவர் மனைவி. அவளுடைய அப்பா பொள்ளாச்சியில் பி.டி. மாஸ்டர். பெண் பார்க்கப் போன அன்று, கேசரித் தட்டு கைக்கு வந்த நேரத்தில் மாஸ்டர் கேட்டார்: "ஸ்போர்ட்ஸ்ல எப்படி மாப்ளே?" ஸ்போர்ட்ஸில் மாப்பிள்ளை எப்படியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடு வந்தால் தலைவலி என்று படுத்துக்கொண்டவர். ஆனால் எதிரே சாரதா நின்றிருந்தாள், கேசரியில் முந்திரி தாராளமாக இருந்தது. "நானூறு மீட்டருங்க. ஸ்டேட் லெவல்," என்றது வாய். மாஸ்டர் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் பெருமையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். போன வருஷம் அவர் காலமாகும்வரை அந்தப் பெருமை குறையவில்லை.

அன்று முழுங்கிய கேசரி இன்றுதான் தொண்டையில் நின்றது.

"முட்டி வலிங்க அண்ணே," என்றார் பத்மநாபன்.

"பேசறது வாயாலதானே? முட்டி எதுக்கு?" என்ற நசுருதீன் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஓடின காலத்துல பட்ட அடியா?"

"ஆ... ஆமாங்க."

திரையில் இருந்த கட்டங்களெல்லாம் 'ச்சு' கொட்டின. பத்து நிமிஷப் பேச்சு அங்கேயே அரை மணி நேரமானது. கூடவே ஒரு பொன்னாடையும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் சனிக்கிழமை. காலைக் காப்பி இறங்குவதற்குள் காமாக்ஷி கதவைத் தட்டினாள். பக்கத்துத் தெருக்காரி, ஃபிசியோதெரபிஸ்ட். நம்மவர்களுக்கு ஓர் இடத்தில் வலி என்றால் ஊரே மருந்தோடு வந்துவிடும்.

"இத்தனை வருஷமா முட்டி வலியை எங்கிட்டயே மறைச்சிருக்காரு காமாக்ஷி," என்றாள் சாரதா, கண் கலங்க. "தாங்கற ஜென்மம்."

காமாக்ஷி முட்டியை மடக்கினாள், நீட்டினாள், தட்டினாள். புருவம் உயர்ந்தது.

"என்ன அண்ணா இது, டப்பாவுலேர்ந்து இன்னும் பிரிக்காத முட்டி மாதிரி இருக்கு? இது ஓடின முட்டியே இல்லையே!"

சாரதா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்தேகம் என்று சொல்ல முடியாது. சந்தேகத்துக்கு ஒரு படி கீழே ஏதோ ஒன்று. பத்மநாபனின் அருவி மடை திறந்தது.

"ஜெயிச்சதோட விட்டுட்டேன். அதான் தேயல. கரூர்ல ஸ்டேட் மீட். செம்மண் ட்ராக், கொட்டற மழை. ஷூகூட இல்ல, வெறுங்கால். கடைசி வளைவுல கால் வழுக்குச்சு... ஆனா விடல. தங்கம்."

கரூரை அவர் பஸ் ஜன்னலிலிருந்து ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார். பஸ் அங்கே டீக்கு நின்றது. அப்போது மழையும் இல்லை.

"தங்கமா?" என்றாள் சாரதா. "அப்பாகிட்டகூடச் சொல்லலையே நீங்க!"

"தற்பெருமை ஆயிடும்னு..." என்றார், தலைவரிடமிருந்து கடன் வாங்கி.

மத்தியானத்துக்குள் செய்தி சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் வண்ண அறிவிப்பே வந்தது: 'கரூர் மழையில் வெறுங்காலோடு வென்ற வீரர் பத்மநாபன் வழங்கும் உலகத் தடகளம் – ஆண்டு அலசல்'. பின்னணியில் மின்னல் வேறு போட்டிருந்தார்கள். கீழே நூற்றுக்கணக்கான கும்பிடு.

நசுருதீன் போன் செய்தார்.

"கரூரா பத்மநாபன்?"

"ஆமாங்கண்ணே."

"மழையா?"

"ஆமா."

"நல்ல மழையா?"

"கொட்டுச்சுங்க."

அந்தப் பக்கம் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. பேச்சு முடிஞ்சதும் நான் எழுந்து ரெண்டு வார்த்தை பேசுவேன். ஓடினவனை ஓடினவன்தான் எடை போடணும்," என்று வைத்துவிட்டார்.

தொலைந்தோம் என்று நினைத்தார் பத்மநாபன். அந்தக் காலத்துத் தமிழ்நாட்டு ஓட்டக்காரர்கள் அத்தனை பேரும் அந்த மனிதருக்கு விரல் நுனியில் இருப்பார்கள். இல்லாத கரூரை ஒரே கேள்வியில் தோண்டி எடுத்துவிடுவார்.

இனி படித்தாவது பிழைப்போம் என்று மகளைப் பிடித்தார். யாமினி ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூட ட்ராக் டீமில் ஓடுகிறவள். தாத்தாவின் கால். இருவரும் சோபாவில் உட்கார்ந்து அந்த ஆண்டுப் பந்தயங்களைப் பார்த்தார்கள்.

"நடுவுல எதுக்கு தண்ணித் தொட்டி வச்சிருக்காங்க? சுத்தி ஓடலாம்ல?"

"இட்ஸ் ஸ்டீபிள்சேஸ், அப்பா. யூ ஹேவ் டு ஜம்ப்."

"சரி, இது நானூறு மீட்டர்தானே? வெளி லேன்காரன் மட்டும் எதுக்கு அவ்ளோ தூரம் முன்னாடி நிக்கறான்? அநியாயமா இல்ல?"

யாமினி வீடியோவை நிறுத்தினாள். அப்பாவை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா. வெளி லேன் சுத்து பெருசு. ஸோ தே ஸ்டார்ட் அஹெட். யூ ரேன் த ஃபோர் ஹண்ட்ரட், ரைட்?"

"எங்க காலத்துல எல்லாரும் ஒரே கோட்டுலதான் நிப்போம்."

"இன் எய்ட் லேன்ஸ்?"

"ஏன், எட்டுதான் இருக்கணுமா?"

"ஓ மை காட்," என்றாள் யாமினி. அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாவம். அன்றிலிருந்து தினம் பள்ளியிலிருந்து வந்ததும் பாடம் எடுத்தாள். பத்மநாபனும் மண்டையில் ஏற்றிக்கொண்டார். ஆனால் லேன் கணக்கு மட்டும் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது.

விழாவுக்கு முந்தைய நாள் அவருக்கு மனம் தாங்கவில்லை. ஊர் முன்னால் நசுருதீன் தோலை உரிப்பதைவிட, பெண்டாட்டி காலில் விழுந்துவிடுவது மேல். சாரதா அலமாரிக்கு முன் உட்கார்ந்திருந்தாள்.

"சாரதா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கரூர்..."

"நானும் ஒண்ணு காட்டணும்ங்க." கையை விரித்தாள். பித்தளை விசில். மாஸ்டர் சாகும்வரை கழுத்தில் கிடந்தது. "நீங்க பேசி முடிச்சதும் மேடையில உங்க கழுத்துல போடப் போறேன். எங்கப்பா இருந்திருந்தா அவரே போட்டிருப்பாரு. அவரு பழக்கின பிள்ளைங்கள்ல ஒருத்தன்கூட ஸ்டேட் போகலைங்க. அந்த ஏக்கத்துக்குக் கடவுள் மாப்பிள்ளையாக் கொடுத்தாருன்னு சொல்லிட்டே இருப்பாரு." விசும்பினாள். "நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"கரூர்ல... குளிரு ஜாஸ்தி," என்றார் பத்மநாபன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பதினெட்டு வருஷமாக அவள் தன்னைப் பார்த்த பார்வை நாளையோடு சரி என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

விழா நாள். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஆடிட்டோரியம் நிரம்பி வழிந்தது. தடகளத்துக்காக அல்ல, சாப்பாட்டை அலசலுக்குப் பிறகு போடுவதாக அறிவித்திருந்தார்கள். முதல் வரிசையில் நீலக் கோட்டு.

ஆச்சரியம் என்னவென்றால் பத்மநாபன் நன்றாகப் பேசினார். டோக்கியோ உலகப் போட்டியைச் சொன்னார். ஆண்கள் மாரத்தானில் நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்த இருவர் கடைசியில் கண் இமைக்கும் நேர வித்தியாசத்தில் முடித்ததைச் சொன்னார். "கம்பு ஊன்றித் தாண்டுற அந்த சுவீடன்காரர் இந்த வருஷம் உலக சாதனையை ஒவ்வொரு சென்டிமீட்டரா ஏத்தியிருக்காரு. எங்க மேனேஜர் குடுக்கற இன்க்ரிமென்ட் மாதிரி," என்றபோது அரங்கமே அதிர்ந்தது. ஐ.டி. கூட்டத்துக்கு உலகத் தடகளம் அந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது.

கைதட்டல் அடங்குமுன் சாரதா பட்டுப்புடவையோடு மேடைப் படியில் ஏறிவிட்டாள். கையில் விசில். இன்னும் நாலு எட்டு, தப்பித்தோம் என்று கழுத்தை நீட்டினார் பத்மநாபன்.

"அண்ணா, ஒரே ஒரு கேள்வி!" காமாக்ஷி எழுந்தாள். "கரூர்ல நீங்க எந்த லேன்ல ஓடினீங்க?"

ஆசையாகத்தான் கேட்டாள். பத்மநாபனின் வாய் மூளையைக் கேட்கவில்லை. எப்போது கேட்டது?

"பன்னெண்டாவது லேன்."

மூன்றாம் வரிசையில் யாமினி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் ஒரு மூலையில் முணுமுணுப்பு. பிள்ளைகளை ட்ராக் டீமில் விட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து போன் பார்க்கிற பெற்றோர்கள் அவர்கள். மற்றபடி ஒன்றும் தெரியாவிட்டாலும் கோடுகளை எண்ணத் தெரியும். ரஞ்சித்குமார் எழுந்தே விட்டான்.

"சார், எங்கயுமே எட்டு லேன்தானே? மிஞ்சினா ஒம்பது. கரூர்ல எப்படி பன்னெண்டு?"

"அதானே?" என்றது கூட்டம். சிரிப்பு ஒன்று பின்வரிசையில் வெடித்தது. சாரதா படியிலேயே நின்றுவிட்டாள். விசில் கயிறு அவள் விரலில் சுற்றிச் சுற்றி இறுகியது. கணவரைப் பார்த்தாள். காமாக்ஷி முட்டியைத் தட்டிய அன்று ஒரு படி கீழே நின்றது இப்போது மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க சொல்லுங்க," என்று ரஞ்சித்குமார் முதல் வரிசைக்குத் திரும்பினான். "இந்தியாவுக்கு ஓடினவரு. உங்களுக்குத் தெரியாத ட்ராக்கா? கரூர்ல எத்தனை லேன்?"

நசுருதீன் எழுந்தார். நீலக் கோட்டின் பொத்தானைப் போட்டார். ஒரு கணம் விட்டத்தைப் பார்த்தார். பத்மநாபன் கண்ணை மூடிக்கொண்டார்.

மைக்கில் அந்தக் கம்பீரக் குரல் நிதானமாகக் கேட்டது.

"பன்னெண்டாவது லேன்ல பத்மநாபன்தான் ஓடினாரு, நான் சாட்சி. அன்னிக்குக் கொட்டற மழையில, பதிமூணாவது லேன்ல ஓடி ரெண்டாவதா வந்தவனே நான்தான்!"