பட்டப்பகலில் டார்ச் அடித்த அக்கா

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் எந்தச் சுவரும் டார்ச் அக்காவிடம் எதையும் மறைத்ததில்லை. மனிதர்கள் மறைப்பார்கள்: காய்ச்சலை, கர்ப்பத்தை, மாத்திரை போடாததை. அதையும் அக்கா கண்டுபிடித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

அவர் எங்கள் தெருவுக்கு ஆஷா ஒர்க்கர், வீடு வீடாக வந்து நோய்நொடி விசாரிக்கும் சுகாதார ஊழியர். வெயில் கொளுத்தும்போதும் கையில் டார்ச்சோடு வருவதால் அதுவே பெயராகிவிட்டது. மழைக்காலம் பிறந்தால் கதவைத் தட்டமாட்டார். நேராக உள்ளே வந்து பீரோவுக்குப் பின்னால் கொசு தேடி வெளிச்சம் அடிப்பார். ஒருமுறை என் மாமனார் குளித்துக்கொண்டிருக்க, வெளியே நின்று, "நைனா, நீ பாட்டுக்குக் குளி. சுவத்த மட்டும் காட்டு" என்றார்.

அந்த வருஷக் கூத்தெல்லாம் மணல் ஈயால் வந்தது. வடக்கே எங்கோ அது கடித்துப் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்ததாகப் போனில் செய்தி. நான் அதைப் படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். கொசுவைவிடச் சின்னதாம், சத்தமே போடாதாம், கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடுமாம், மழை பெய்து புழுங்கும் மாதங்களில் பெருகுமாம். என் மகளுக்கு நாலு வயது. அவள் காலில் பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சத்தைக்கூட அன்று தேய்த்துப் பார்த்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அக்கா மீட்டிங் போய்வந்தார். மீட்டிங் தெலுங்கில். 'இசுக ஈகா' என்றிருக்கிறார்கள். இசுக என்றால் மணல். பின்வரிசையில் பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. தெருமுனையில் நின்று கத்தினார்: "மணல்லதான் கீது! மணல எட்த்து கடாசுங்க!"

எதிர்வீட்டில் மாடி கட்டக் கொட்டியிருந்த மணல்மேட்டில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மகளைத் தூக்கிவந்து தேய்த்துக் குளிப்பாட்டினேன். அம்மாக்கள் எல்லோரும் அன்னக்கூடையோடு இறங்கிவிட்டோம். எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னாமே இது! மாடி மணல எங்க எட்த்துக்கினு போறீங்கோ?"

"உனுக்கு மாடி முக்கியமா, புள்ளைங்க முக்கியமா?" என்றார் அக்கா.

பொழுது சாய்வதற்குள் மணல்மேடு தெருக்கோடிக்குக் குடிபோய்விட்டது.

மறுநாள் காலை மறுபடி அதே தெருமுனை. சூப்பர்வைசரிடம் போனில் கேட்டாராம். "நேத்து நான் சொன்னது தப்பு! மணல் கலர்ல கீறதால அந்தப் பேராம்! சுவத்து வெடிப்பு, மாட்டுக் கொட்டாய், இருட்டுக் குழி, அங்கதான் பூந்துக்கினு கீது!" தப்பை ஒத்துக்கொள்ளும்போது எல்லோருக்கும் குரல் இறங்கும். அக்காவுக்கு ஏறியது. மணலைத் திரும்பச் சுமந்ததும் அவர்தான். "கொஞ்சம் கொறையுதே" என்றார் எதிர்வீட்டுக்காரர். "காத்து எட்த்துக்கினு பூட்டிருக்கும் நைனா" என்றார் அக்கா.

எங்கள் வீட்டில் எல்லாமே உண்டு: மண்சுவர், மாடு, மாமனாரின் தறிக்குழி. அவர் குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருக்க, அக்கா குனிந்து கால்களுக்கிடையில் டார்ச் அடித்தார்.

"காலு ஆட்டாத நைனா."

"மிதிக்காம எப்பிடிமே நெய்யறது?"

"அப்ப நெய்யாத."

வெடிப்புகளைச் சிமெண்ட் குழைத்து அடைத்தோம். அடைத்த இடத்தையே நான் மறுபடி அடைத்தேன்.

அப்படியும் ஒருநாள் காலையில் மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. கண் செருகியது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. கணவர் ஊரில் இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். நான் செருப்பைத் தேடுவதற்குள் வாசலில் கார். முன்சீட்டில் அக்கா.

திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை என்னை அழவே விடவில்லை. அடிக்கடி பின்னால் திரும்பி மகள் முகத்தில் டார்ச் அடித்தார். "தூங்குதா, மயக்கமான்னு தெரிய வாணாவா? பாப்பா, நான் யாரு?"

"டார்ச்சு."

"நேத்து இன்னா துன்ன?"

"இட்லி."

"தொட்டுக்க?"

புத்தூர் தாண்டியதும் மகள் கண்ணை இறுக்கிக்கொண்டு, "லைட்ட நிறுத்து டார்ச்சு!" என்று கத்தினாள்.

"கோவம் வருது பாத்தியா. மூள நல்லா கீது" என்றார் அக்கா. சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். டார்ச் அவர் மடியில் எரிந்துகொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். நிஜமாகவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் ஆமாம் என்றார். அதற்கப்புறம் அக்கா டார்ச்சை மேஜைமேல் வைத்துவிட்டு, தெலுங்கில், "நிஜங்கானா சார்?" என்றார்.

இப்போது அவர் வேலையை விட்டுப் பலமனேரில் மகன் வீட்டில் இருக்கிறார். இங்கே முதல் மழை விழுந்ததும் போன் வரும்: "வெடிப்பெல்லாம் பாத்தியாமே?"

எல்லாவற்றையும் பார்த்திருப்பேன், இரண்டிரண்டு தடவை. ஆனாலும், "கொட்டாய்ல ஒண்ணு மட்டும் பாக்கி அக்கா" என்று சொல்லிவைக்கிறேன். அப்போதுதான் நாளைக்கும் கூப்பிடுவார்.