மூன்று வீடு, ஒரு ஸ்பேனர்

"அப்பா, கை வைக்காதீங்க" என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் குழாயின் தலை பிளம்பரின் கையில் இருந்தது.

ரூம் பார்க்க வந்த வீடு. வந்ததும் வீட்டுக்காரம்மா காட்டியது குளியலறையை. அவர் ஓய்வுபெற்ற டீச்சர். வாசலில் கைகட்டி நின்றார்.

"ஆறு மாசமா சொட்டுது" என்றார், சொட்டவிட்டதே இவர்தான் என்பதுபோல.

"வாஷர் தேஞ்சிருக்கும்மா. டேங்க் மலை உச்சியில, உங்க வீடு சரிவோட அடியில. தண்ணி அத்தனை வேகத்தோட இறங்கினா எந்த வாஷர் தாங்கும்? அஞ்சே நிமிஷம்."

நான்கு நிமிஷத்தில் முடிந்தது. சொட்டு நின்றது. டீச்சர் கொஞ்ச நேரம் அந்த அமைதியையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிளம்பர் போனை எடுத்தார். கல்லூரி நோட்டீஸ் போர்டின் படம் அதில் இருந்தது. சிவில் பிரிவுச் சேர்க்கைப் பட்டியலில் முதல் பெயர் மகளுடையது. ஈர விரலுக்குப் போன் திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டுத் தேய்த்தார்.

"பாருங்கம்மா, முதல் பேரு. இவதான்."

"ரொம்ப சந்தோஷம். ஆனா ரூம்... என் தங்கச்சி பையன் வர்றதா இருக்கான்."

"முன்னாடியே சொல்லலையேம்மா?"

"இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

தெருவில் இறங்கியதும் பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டார். "என் கையாலதான் கெட்டுது. சொட்டுற வீட்டுக்கு வாடகைக்கு ஆள் தேடுவாங்க. சொட்டு நின்னா சொந்தக்காரங்க வந்துடறாங்க."

"அதான் கை வைக்காதீங்கன்னேன்" என்றாள் மகள். பட்டியலில் முதல் வீட்டை அடித்தாள்.

போன வாரம் சான்றிதழ் சரிபார்க்கத் தனியாக வந்தபோதே அவள் எழுதிவைத்த பட்டியல் அது. விடுதியில் இடம் இல்லை. நாளைக்குக் கல்லூரி திறக்கிறது. ஊருக்குக் கடைசி பஸ் நாலு மணிக்கு. அதற்குள் ரூம் அமைந்தால்தான் அவளை விட்டுவிட்டு அவர் ஏற முடியும். ஏறினாலும் அங்கே ஒன்றும் இல்லை. மனைவி போய் மூன்று வருஷம். இனி அவருக்காகக் காத்திருப்பது ஒரு பூட்டுதான்.

பெட்டிகளைப் பஸ் நிலையத்துப் பேக்கரியில் வைத்திருந்தார்கள். காலையில் பேக்கரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "இவர்தானா?" என்று மகளிடம் கேட்டார். அப்பா இவர்தானா என்று கேட்பதாகப் பிளம்பர் நினைத்துக்கொண்டார். கருவிப் பையையும் அங்கேயே விட்டிருப்பார். மகள்தான், "இருக்கட்டும்ப்பா, கை வெறுமையா இருந்தா உங்களுக்கு நடக்க வராது" என்று தோளில் மாட்டிவிட்டாள்.

இரண்டாவது வீடு போட்டோகிராபருடையது. பாதி மலை ஏறவேண்டியிருந்தது. பிளம்பர் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க" என்றார் போட்டோகிராபர். "முதல்ல பாத்ரூமைப் பார்த்துடுங்க."

குழாயைத் திறந்தார். அது இருமியது. தண்ணீர் வரவில்லை.

"காத்துதான் சார் வருது. ஏன்னு நினைக்கிறீங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பொண்ணோட அப்பா, அவ்வளவுதான்."

குழாய் மறுபடி இருமியது. நெஞ்சுச் சளி கட்டிய குழந்தையைப் பார்ப்பதுபோல மகள் அதைப் பார்த்தாள். "பாவம்ப்பா" என்றாள்.

பாக்கெட்டிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. மாடிக்குப் போகும் குழாயின் வளைவில் காற்று அடைத்துக் கிடந்தது. வளைவை அரைச் சுற்றுத் தளர்த்தினார். காற்று சீறிக்கொண்டு போனது. பின்னாலேயே வந்த தண்ணீர் போட்டோகிராபரை நெஞ்சு வரை நனைத்தது. கோபித்துக்கொள்வார் என்று பிளம்பர் கண்ணை மூடிக்கொண்டார். அவரோ நனைந்தபடி இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"அப்ப ரூம் சார்?"

"ரூம்ல பழைய ஆல்பம் நிறைய இருக்கு. அதையெல்லாம் நான் எங்க வைக்கிறது?"

மூன்றாவது வீட்டு வாசலில் பிளம்பர் கருவிப் பையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காதே. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான். முதல் பேரு வாங்கின பொண்ணை நடுத்தெருவுல நிக்க வெச்ச அப்பன்னு பேராயிடும்."

"குடுக்க மாட்டேன்ப்பா."

வீட்டுக்காரி நர்ஸ். வாடகைக்கு என்று காட்டிய அறையில் ஒரு சுவரின் பாதி வரை ஈரம் படர்ந்திருந்தது.

"மூணு வருஷமா இப்படித்தான் அண்ணா. எங்க ஒழுகுதுன்னே யாருக்கும் புடிபடல."

பிளம்பர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கால் மட்டும் சுவருக்குப் போனது. காதை வைத்தார். தெருவில் லாரி இரைந்தது.

"சரியா கேக்கல" என்று முணுமுணுத்தார்.

நர்ஸ் உள்ளே ஓடிப்போய் ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டுவந்து அவர் காதில் மாட்டினார். பிளம்பர் சுவரை ஒவ்வொரு சாணாகப் பரிசோதித்தார். ஈரத்திலிருந்து நாலடி தள்ளி, காய்ந்த இடத்தில் நின்றார்.

"இங்க."

பின்னால் கையை நீட்டினார். உளி வந்தது. சுத்தியல் வந்தது. சுவர் உடைந்தது. ஸ்பேனர் வந்தது. ஒழுக்கு நின்ற பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

"கேட்டாலும் குடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"நீங்க கேக்கலையேப்பா. கைதானே நீட்டினீங்க?"

சுவரில் ஒரு பானை நுழையும் அளவுக்கு ஓட்டை. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு வருஷம் அண்ணா! ஆனா இந்த ரூம்ல இப்ப எப்படி ஆள் தங்கறது?"

மூன்றரை மணிக்குப் பேக்கரிக்குத் திரும்பினார்கள். தலைமுடியெல்லாம் சிமென்ட் தூள். பிளம்பர் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுடும்மா. சின்ன வயசுல நீ டார்ச் புடிப்பே, நான் வேலை பார்ப்பேன். நீயாவது மேல வரணும்னுதான் எல்லாம். வந்துட்டே. இன்னிக்கு உனக்குத் தேவையா இருந்தது ஒரு ரூம்தான். அதுக்குக் கையைக் கட்டிட்டு நின்னா போதும். அது என்னால முடியல."

மகள் அவர் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பேக்கரிக்காரர் அப்போதுதான் போனை வைத்தார். "நர்ஸம்மாவும் சரின்னுட்டாங்க பாப்பா" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பிளம்பரின் உள்ளங்கையில் வைத்தார்.

"கிடைச்சுடுச்சா? ரூம் சாவியா?" பிளம்பர் எழுந்துவிட்டார்.

"மாடி ரூம் சாவியைப் பாப்பாகிட்ட போன வாரமே குடுத்தாச்சு. இது பக்கத்து ஷட்டர் சாவி. முன்னாடி உங்க கடை, பின்னாடி நீங்க தங்கிக்கலாம்."

"என்ன கடை? நாங்க ரூம் தேடி மூணு வீடு ஏறி இறங்கி..."

மகள் பட்டியலை மடித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கருவிப் பையின் வாரைச் சரிசெய்தாள்.

"அந்த மூணு வீட்லயும் வாடகைக்கு ரூமே கிடையாது சார்" என்றார் பேக்கரிக்காரர். "இந்த ஊர்ல பிளம்பரும் கிடையாது. அவங்க மூணு பேரும் சரின்னா கடை தர்றதா நான் சொல்லியிருந்தேன். 'எங்கப்பா மாதிரி ஆள் எங்கயுமே கிடையாது, வேணும்னா வேலையைப் பார்த்துட்டுச் சொல்லுங்க'ன்னு பாப்பாதான் வீடு வீடாச் சொல்லிட்டுப் போச்சு."