அருள்பாண்டிக்குத் தெரியாத கேள்விகள்

மரியாதைக்குரிய அக்கா மாயக்காள் சமூகத்துக்கு, குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டிலிருந்து தம்பி வீரணன் வணங்கி எழுதுவது. இங்கே மழையும் அட்டைக்கடியும் தவிர வேறு குறையில்லை. சிலமலையில் நீயும் மாடு கன்றும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஆள் எடுக்கும் பரீட்சையில் கேள்வித்தாள் என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். முதலாளி, "ரொம்பச் சுளுவாவும் வேணாம், ரொம்பக் கஷ்டமாவும் வேணாம் வீரணா" என்றார். உன் மகன் அருள்பாண்டி, "சுளுவாப் போடுங்க மாமா, இந்த வேலைக்கு வந்தே ஆகணும்" என்றான். நீயோ, "ஒத்தப் பிள்ளைய மலைக்கு அனுப்பிட்டு நான் யாரைப் பாத்துக்கிட்டு இருப்பேன்? அவன் பாஸாகவே கூடாது, அப்படிப் போடுடா" என்றாய். மூன்று பேருக்கும் ஒரே தாளில் நியாயம் செய்ய நான் என்ன கடவுளா? காய், சூடு, பதம் என்று கேட்டால் பரீட்சைக்கு வரும் மலைக்காரப் பயல்கள் தூக்கத்திலேயே எழுதிவிடுவார்கள். அருளும் போடியில் ஏலக்காய்க் கடையில் பழகியவன். ஆகவே உன்னையே கேட்டேன், அவனுக்கு என்னதான் தெரியாது என்று. "வெந்நி வைக்கத் தெரியாது, சோறு வடிக்கத் தெரியாது, காய்ச்சக்காரனுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாது" என்று அடுக்கினாய். அத்தனையையும் கேள்வியாக்கிவிட்டேன். ஸ்டோரிலேயே தங்குகிறவனுக்கு இதுவும் சோலிதானே என்று முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

மலைக்காரப் பயல்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். ஒருவன், "இது எங்க ஆத்தாவுக்கு வைக்க வேண்டிய பரீட்சை" என்று எழுதிவைத்துவிட்டு எழுந்து போனான். அருள் மட்டும் தலை நிமிரவில்லை. கஞ்சிக்கு நொய்யரிசியை வறுத்துப் போட வேண்டும் என்பது வரை எழுதியிருந்தான். எங்கேடா கற்றாய் என்றேன். "போன மழைக்கு அம்மா காய்ச்சல்ல கெடந்துச்சுல்ல மாமா. யாரு காய்ச்சிக் குடுத்தாகன்னு அதுக்கு நெனவே இல்ல" என்றான். முதல் மார்க் அவனுக்குத்தான், வேலையும் அவனுக்குத்தான். என்மேல் கோபப்படாதே. கம்பளி ஒன்று எடுத்துவை.

குலசாமி உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு, உன் தம்பி
வீரணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அருள் வந்தான். அவன் உன்னை விட்டுப் போகக்கூடாது என்றுதான் கஷ்டமாகக் கேட்கச் சொன்னாய் என்பதை வாய்தவறி உளறிவிட்டேன். அவன், "நான் ஊருக்கே போறேன் மாமா. தோத்துட்டேன்னு எழுதிருங்க. செயிச்சும் தனக்காகத்தான் வேலைக்குப் போகலைன்னு தெரிஞ்சா அம்மா அழுகும்" என்றான். மறுபடி எழுதக் கையில் காகிதம் இல்லை. ஆகவே மேலே உள்ளதை நீ வாசிக்கவில்லை, அவன் தேறவில்லை. அடுத்த வாரம் அவன் பஸ்சை விட்டு இறங்கியதும், "போனாப் போகுதுடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவை.