பொலிவியா அண்ணையும் ஏழு அமைச்சர்களும்

லத்தீன் அமெரிக்காவில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்தால் சூரிச்சில் எங்கள் உணவகக் குசினியில் குறைந்தது நான்கு கோப்பைகள் உடையும். உடைப்பவர் பொலிவியா அண்ணை. அவர் பொலிவியாவுக்குப் போனவரல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் அகதியாக வந்து, லாங்ஸ்ட்ராஸ தெருவுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனவர். குசினி முழுக்க ஸ்பானியர்களும் சிலிக்காரர்களும். டொச் என்ற ஜெர்மன் மொழி வருவதற்கு முன்பே அவருக்கு ஸ்பானிஷ் வந்துவிட்டது. கூடவே இருபது நாட்டு அரசியலும் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் பொலிவியாவைத்தான் அதிகம் கதைப்பார், பெயரும் அதனால் வந்தது.

நான் அங்கே வெங்காயம் வெட்டப் போன முதல் நாளே கையைப் பிடித்துக் கேட்டார்.

"தம்பி, ஆர்ஜென்டினாவில உமக்கு ஆரைப் பிடிக்கும்?"

நான் ஒரு பந்தாட்டக்காரரின் பெயரைச் சொன்னேன். இரண்டு நாட்கள் என்னோடு அவர் கதைக்கவில்லை.

பெரு நாடுதான் அவருக்கு ஒத்துவராதது. அங்கே ஜனாதிபதிகள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. கோப்பை கழுவும் இயந்திரத்தின் மேல் சாத்தி வைத்த கைபேசி செய்தியைச் சொல்லும். அடுத்த நிமிடம் தட்டு தரையில் கிடக்கும். எங்கள் சுவிஸ்காரச் செஃப் ஒருநாள் கும்பிடாத குறையாகச் சொன்னார்: "பொலிவியாச் செய்தியைக் கேள், சிலிச் செய்தியைக் கேள். பெருவை மட்டும் வீட்டுக்குப் போய்க் கேள்."

பக்கத்து ஊரான ஷ்லீரனில் ஒரு சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. சாப்பாட்டுத் தட்டோடு நின்றவர்களை மடக்கிப் பிடித்து அண்ணை வெனிசுவெலாவின் எண்ணெய் வளத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"ஊர்ப் பிரச்சினையையும் கொஞ்சம் கதையுங்கோவன் அண்ணை!"

அண்ணை கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம் சொன்னார்: "ஊரைக் கதைச்சால் அந்த மண்டபத்துக்குள்ளயே நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவினம். என்ர தமையனும் எங்கட ஆக்களுக்குள்ள நடந்த அந்தச் சண்டையிலதான் செத்தவர். பொலிவியாவைக் கதைச்சால் ஆருக்கும் நோகாது, தம்பி." அன்றிலிருந்து அவரைப் பகிடி பண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு நிறுத்த முடியவில்லை.

அறுபதை நெருங்கும்போதுதான் அண்ணை சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். நேர்முகம் ஒன்று உண்டு. அதில் தவறினால் திரும்பவும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேள்வி கேட்டுப் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மலைகள் வந்தன, ஏரிகள் வந்தன, கன்டோன் எனப்படும் மாநிலங்களெல்லாம் வரிசையாக வந்தன. நாட்டை ஆளும் ஏழு அமைச்சர்களின் பெயர்கள் மட்டும் வாயில் நுழையவே இல்லை.

"என்ன நாடு தம்பி இது? ஏழு பேராம், வருசத்துக்கு ஒருத்தர் மாறி மாறி ஜனாதிபதியாம். பல்கனியில நிண்டு ஒரு பேச்சில்லை, சந்தியில ஒரு சிலையில்லை, ஒருத்தரும் நாட்டை விட்டு ஓடவுமில்லை. பேரை எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறது?"

"அண்ணை, இதை அங்க போய்ச் சொல்லிப்போடாதையுங்கோ."

சொல்லிவிட்டார். கூடப் போயிருந்த அவர் மனைவிதான் எனக்கு விவரம் சொன்னார். இந்த வருட ஜனாதிபதி யார் என்று கேட்டிருக்கிறார்கள். "தெரியாது" என்றவர் அதோடு நிற்காமல், "ஜனாதிபதியின் பெயர் தெரியாமலே ஒரு மனிதன் நாற்பது வருடம் நிம்மதியாக நித்திரை கொள்ளக்கூடிய நாடு வேறு எங்கே இருக்கிறது?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டாராம். மனைவி மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்திருக்கிறார். நடுவில் இருந்த பெண் அதிகாரி சிரிக்கவில்லை.

"அப்படியென்றால் உங்களுக்குக் குடியுரிமை எதற்கு?"

"இருபது நாட்டுத் தேர்தல்களைப் பார்த்துவிட்டேன். இந்த வயதுவரை நான் ஒருதடவைகூட வாக்குப் போட்டதில்லை."

அதோடு நேர்முகம் முடிந்துவிட்டதாம்.

கடிதம் வர ஏழு மாதம் எடுத்தது. அவ்வளவு நாளும் அண்ணை எந்த நாட்டைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. பெருவில் ஒருவர் பதவி இழந்த அன்றுகூட ஒரு கோப்பை உடையவில்லை. செஃப் பயந்துபோய், டொக்டரிடம் போகச் சொன்னார். கடைசியில், குடியுரிமை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. அன்று தட்டுக் கோபுரம் ஒன்று அப்படியே சரிந்தது, செஃப் கைதட்டினார்.

இங்கே வாக்குத் தாள்கள் தபாலில் வரும். முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே எழுதித் தபாலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணை ஞாயிறு காலை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வாக்குச்சாவடிக்கே கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். அன்றைய கேள்வி, நீச்சல் தடாகத்தின் உடை மாற்றும் அறைகளைப் புதுப்பிப்பதா, வேண்டாமா என்பது. பெட்டிக்கு முன்னால் போய் நின்றவர் நின்றவர்தான். பின்னால் நின்ற சுவிஸ்காரர் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்: "என்ன போட்டனீங்கள் அண்ணை, ஓமோ, இல்லையோ?"

"அதெல்லாம் இரகசியம் தம்பி," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் குடியுரிமை எடுத்துப் பத்து வருடமாகிறது. எனக்கு வந்த வாக்குத் தாள்களையெல்லாம் பழைய பேப்பரோடு சேர்த்து நூலால் கட்டி, குப்பைக்குப் போக வாசலில் வைத்தவன் நான். இப்போது ஒவ்வொரு தடவையும் அவரோடு நடந்து போகிறேன். பாலம் கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன, பெட்டிக்குள் தாள் விழும் அந்த நேரத்தில் அண்ணையின் முகத்தை நான் பார்க்க வேண்டும்.